முதற்பிரதியைக் கொண்டுபோன ஹாஜியார்

புத்தக வெளியீட்டு விழாவுக்கு ஒரு புத்தகம்கூட இல்லாமல் கடல் கடந்து போனவள் நானாகத்தான் இருப்பேன். கொழும்பு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நூல் வெளியீடு என்றேன். நூல் எங்கே என்றார். கையகலக் கறுப்புப் பலகை ஒன்றை எடுத்துக் காட்டினேன். என் மின்வாசிப்பான் அது, நூல் அதற்குள்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்னையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், போகச் சொல்லிவிட்டார்.

நான் செய்யும் வேலை திருச்சியில் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குப் புரியாது. பதிப்பகங்களின் வாசலில் நின்று அலுத்தவர்கள், தங்கள் புத்தகத்தைத் தாங்களே வெளியிட்டுக்கொள்ளத் துணிந்தவர்கள் என்னிடம் வருவார்கள். அவர்களின் எழுத்தைப் பிழை திருத்தி, மின்னூலாக்கி, இணையக் கடையில் ஏற்றிக் கொடுப்பேன். யாரையும் நேரில் பார்ப்பது அபூர்வம். இலங்கைக் கடற்கரை ஊரான கற்பிட்டியின் ரிஹானாவையும் வெறும் குரலாகத்தான் தெரியும்.

அவருடைய இரண்டாவது நாவல் ஒரு மர்மக் கதை. களப்பில், எங்கள் சொல்லில் காயலில், ஆளில்லாத படகு ஒன்று மிதந்து வருவதில் தொடங்குகிறது. பிழை திருத்த உட்கார்ந்தவள் பிழைகளை மறந்துவிட்டு, கொலை செய்தது யார் என்று தேடிக்கொண்டு போனேன். எனக்கு அப்படி அடிக்கடி நடப்பதில்லை. வெளியீட்டுக்கு வரச் சொல்லிக் குரல்செய்தி அனுப்பினார்: "வாங்க அக்கா. மேடையில புத்தகமும் இல்ல. நீங்களும் இல்லாட்டி நான் என்னத்தக் காட்டுற?"

கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் சிலாபம் தாண்டும்வரை பேச்செல்லாம் சிங்களம். மதுரங்குளியில் கூட்டம் ஏறியபோது தமிழும் ஏறியது. பாட்டு மட்டும் தொடக்கத்திலிருந்தே எங்கள் ஊர்ச் சினிமாப் பாட்டுதான். திருச்சி பஸ்ஸில் எது காதைப் பிளக்குமோ அதுவே இங்கும் பிளந்தது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் நுரைச்சோலையில் வெங்காயம் போடுகிறவர். கச்சான் சுருளை நீட்டினார். வேர்க்கடலைக்கு இவ்வளவு அழகான பெயர் இருப்பது தெரியாமல் இத்தனை வருடம் தின்றிருக்கிறேன்.

நான் மின்வாசிப்பானை எடுத்து வாசிக்கத் தொடங்கியதும் முன் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். வெங்காயக்காரப் பெண் எனக்கு மொழிபெயர்த்தார். பாவம், வர்ணம் போன பழுதான போனை வைத்துக்கொண்டு இந்த அம்மா கஷ்டப்படுகிறாராம். கண் வலிக்காமல் இருப்பதற்காகவே அது கறுப்பு வெள்ளையில் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். அவர்கள் இன்னும் அதிகமாகப் பரிதாபப்பட்டார்கள்.

பாலாவியில் பாதை பிரிகிறது. பக்கத்திலேயே உப்பளங்கள், வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக் குவியல்கள். பிறகு ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் காற்றாலைகளுமாகக் கற்பிட்டிவரை போகிறது தெரு. நடுத்தெருவில் கழுதைகள் படுத்திருந்தன. எங்கள் ஊரில் மாட்டுக்கு ஒதுங்கிப் போவது மாதிரி இங்கே கழுதைக்கு ஒதுங்குகிறார்கள். சாரதி ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

ரிஹானாவின் வீட்டு முன்னறையில் சோபாவுக்கு எதிரே ஒரு மேசை. பூப்போட்ட விரிப்பு தொங்கியது. அதில்தான் பிளேன்டீ வைத்தார்கள். கோப்பையை எடுக்கக் குனிந்தபோது விரிப்பு விலகியது. மேசையே இல்லை. அட்டைப்பெட்டிகள். அவருடைய முதல் நாவல்.

"அதுகள வித்து முடிச்சிட்டா டீ வெக்க இடமில்ல அக்கா," என்றார் ரிஹானா. அவர் கணவர் நவ்ஃபர் சிரித்தார். படகு எஞ்சின் திருத்துகிறவர். அந்தப் பெட்டிகளை அச்சகத்திலிருந்து தூக்கி வந்ததும் அவர்தானாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் இறால் ஆணமும். இங்கே குழம்பு ஆணம்தான். சாப்பிட்டபடி ரிஹானா முதல் புத்தகத்தின் கதையைச் சொன்னார். அச்சகத்தில் பக்கத்தைக் குறைத்தால் செலவு குறையும் என்றார்களாம். அதனால் எழுத்தைச் சிறிதாக்கி, வரிகளை நெருக்கி, பெரிய நாவலை ஒல்லிப் புத்தகமாக்கியிருக்கிறார். தானே பதிப்பிக்கும் எல்லோரும் செய்வதுதான். எங்கள் ஊரிலும் அப்படி எறும்பு வரிசை மாதிரி அச்சான நூல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விழா தடபுடலாக நடந்தது. படங்கள் எடுத்தார்கள். பிறகு பாடசாலைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சும்மா கொடுத்தது போக மிச்சம் மேசையாகிவிட்டது. வாசித்தீர்களா என்று யாரைக் கேட்டாலும், ஓம், நல்லம் என்பார்கள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

புதிய நாவலின் நிலை வேறு. அது மின்னூல் மட்டும்தான், இணையக் கடையில் ஏறி ஒரு மாதம்தான் ஆகிறது. தன் போனை எடுத்துக் காட்டினார். எங்கோ யாரோ அதை வாசிக்க வாசிக்க ஒரு கோடு உயர்கிறது. கட்டாரில் வேலை செய்யும் ஒருவர் ஐந்து நட்சத்திரம் போட்டு, தன் ஊர் வாசம் வந்தது என்று எழுதியிருக்கிறார். கனடாவிலிருந்து ஒரு பெண் அடுத்த நாவல் எப்போது என்று கேட்டிருக்கிறார். பதிப்பாளர் இல்லை, விநியோகஸ்தர் இல்லை, கப்பலில் ஏற்றவில்லை, கற்பிட்டிக் கதை டொராண்டோவில் கிடைக்கிறது. இந்த வேலையை நான் ஏன் செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கோட்டைத்தான் காட்டுவேன்.

ஆனால் ரிஹானாவின் முகம் மலரவில்லை. மூன்றாவது நாவலை ஆரம்பித்து நிறுத்தி வைத்திருக்கிறாராம். தொடரப் போவதில்லை என்றார்.

"தூரத்து ஆக்கள் வாசிக்கிறாங்க, அல்ஹம்துலில்லாஹ், சந்தோசம். ஆனா நான் எழுதுறது இந்த ஊர. இந்த ஊர்ல ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், ஏன் இப்புடி எழுதினீங்கண்டு என்னோட சண்டைக்கு வரல்ல. சுவரோட கதைக்கிற மாதிரி இரிக்கி அக்கா. நாளைக்கு விழா முடியட்டும். அதோட போதும்."

நான் விடவில்லை. இந்தக் கருவிகள் பரவப் பரவ ஊருக்குள்ளும் வாசகர் வருவார்கள், போனிலேயே வாசிக்கலாம், கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் பிரசங்கம் செய்தேன். மின்னூலிலும் கஷ்டங்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. திருடிப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள், ஆயிரக்கணக்கான நூல்களுக்கு நடுவில் நல்லதும் மூழ்கிப்போகிறது. இருந்தாலும் அட்டைப்பெட்டியைவிட இது மேல் என்றேன். அவர் என் தட்டில் இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். வாயை அடைக்க அதுவும் ஒரு வழி.

மறுநாள் விழா மண்டபத்தில் புதுச் சிக்கல் காத்திருந்தது. எங்கள் ஊர் வெளியீடுகளில் பேச்சும் பொன்னாடையும்தான் பிரதானம். இங்கே பிரதானம் முதற்பிரதி. அதைப் பெறப் போகிறவரின் பெயர் நூலாசிரியர் பெயரைவிடப் பெரிதாக அழைப்பிதழில் அச்சாகிறது. ஊரில் மதிப்புள்ள ஒருவர் மேடையேறி, பளபளக்கும் தாளில் சுற்றிய பிரதியைப் பெற்று, பிரித்து, தூக்கிக் காட்டி, கையோடு கொண்டுபோவார். அச்சுச் செலவுக்கு ஆதரவாக அவர் ஒரு கடித உறை கொடுப்பதும் வழக்கம். இந்தப் பக்கத்தில் புத்தகம் போடுகிறவர்கள் தலை தப்புவது இந்த ஆட்களால்தான். இந்த விழாவின் முதற்பிரதி மதுரங்குளி ஹாஜியாருக்கு. தேங்காய் வியாபாரத்தில் பெரிய கை. ரிஹானாவின் முதல் நாவலின் முதற்பிரதியையும் அவர்தான் பெற்றாராம்.

விழாக்குழுச் செயலாளர் என்னிடம் வந்து கை பிசைந்தார். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், கறாரான மனிதர். படித்த பெண் யாரானாலும் இங்கே டீச்சர்தான்.

"கையில குடுக்க ஒரு சாமான் வேணுமே டீச்சர். ஹாஜியார மேடைக்குக் கூப்புட்டு, போன்ல பாருங்கண்டு செல்ல ஏலுமா?"

அப்படிச் சொல்ல முடியாதுதான். என் மின்வாசிப்பானைக் கொடுத்தேன். தங்கத்தாளில் சுற்றி, சிவப்பு நாடா கட்டி, தாம்பாளத்தில் வைத்தார்கள். சுற்றுவதற்கு முன் நாவலின் முதல் பக்கத்தைத் திறந்து, படத்தில் தெரியட்டுமே என்று எழுத்தை ஆகப் பெரிய அளவுக்கு வைத்தேன். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் கொண்டது.

கிராஅத்தாகக் குர்ஆன் வசனம் ஓதி விழா தொடங்கியது. ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக வந்தார். எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த நடை. தங்கத்தாளைப் பிரித்தார், கருவியைத் தூக்கிக் காட்டினார், கைதட்டினோம். திரையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அதிபர் இரண்டாவது பக்கத்துக்குத் திருப்பும் விதத்தை விரலால் காட்டினார். அதன் பிறகு நான் பேசினேன், வேறு சிலர் என்னைவிட நீளமாகப் பேசினார்கள். பெரியவர்கள் எல்லா ஊரிலும் செய்வது போல ஹாஜியார் பாதியில் எழுந்து, எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்.

இனிப்புக்கு வட்டிலப்பம் பரிமாறும்போதுதான் என் கருவியைத் தேடினேன். தாம்பாளத்தில் தங்கத்தாள் மட்டும் கிடந்தது.

ஹாஜியாரைக் குற்றம் சொல்ல முடியுமா? முதற்பிரதி என்று கொடுத்தோம், முதற்பிரதி என்று ஜுப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். வழக்கம் அதுதான். அது காட்டுவதற்கு மட்டும் என்று அவரிடம் சொல்ல எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளை ஆள் பார்த்துக்கொண்டோம். அதிபர், முதற்பிரதியைத் திருப்பிக் கேட்ட சங்கதி இந்தப் பக்கம் நடந்ததே இல்லை என்றார். தான் போன் பண்ண மாட்டேன் என்பதை அவர் அப்படிச் சொன்னார். ரிஹானா அழாத குறை. இந்தியாவிலிருந்து வந்த மனுஷியின் சாமானை ஊரே சேர்ந்து எடுத்துக் கொடுத்துவிட்டதே என்று குமுறினார். எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல்தான். மற்றவர்களின் நூல்களும் அதற்குள் இருந்தன. வேறு பிரதிகள் வீட்டில் இருக்கின்றன, போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். என் குரலில் அது அவ்வளவு எடுபடவில்லை.

வழி கண்டுபிடித்தவர் நவ்ஃபர். கருவிக்கு சார்ஜர் வேண்டுமே, அதைக் கொடுக்க வந்தோம் என்று போகலாம், ஹாஜியாரே நிலைமையைப் புரிந்துகொள்வார் என்றார்.

காலையில் பாண் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு அவருடைய கூட்டாளியின் த்ரீவீலில் மதுரங்குளிக்குப் புறப்பட்டோம். நவ்ஃபர் படகு எஞ்சினை ஓட்டும் வேகத்தில் வண்டியை ஓட்டினார். பாலாவிக்குச் சற்று முன்பு கழுதைக் கூட்டத்துக்காக வெட்டித் திருப்பியதில் சக்கரம் கல்லில் ஏறிக் காற்றுப் போய்விட்டது. மாற்றுச் சக்கரமும் காற்றுப் போனதுதான். நவ்ஃபர் த்ரீவீலோடு நின்றுகொண்டார். நாங்கள் இருவரும் சார்ஜரைப் பிடித்தபடி உப்பளத்து வெயிலில் நடந்தோம். ரிஹானா குடை பிடிக்கவும் மறந்து வந்தார். மேடையேறியதால் வந்த வினை இது, இதோடு எழுத்து முற்று என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பாலாவிச் சந்தியில் பஸ் கிடைத்தது.

ஹாஜியார் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. அவர் மனைவி எங்களைக் கதிரைகளில் இருத்தி, ஃபேனைப் போட்டு, குளிர்ந்த பானம் கொடுத்துவிட்டு, ஹாஜியார் உள்ளே வேலையாக இருக்கிறார், இப்போது வருவார் என்றார். எதிரே கண்ணாடி அலுமாரி. அதில் வரிசை வரிசையாகப் புத்தகங்கள். எல்லாம் இந்தப் பக்கத்து எழுத்தாளர்கள் சொந்தச் செலவில் போட்டவை. எல்லாம் முதற்பிரதிகள். அநேகமாக எல்லாமே பளபளப்புத் தாள் முழுதாகக் கழற்றப்படாமல் இருந்தன. மேல்தட்டில் ரிஹானாவின் முதல் நாவலும் இருந்தது. மேடையில் பிரித்த மூலை மட்டும் கிழிந்திருந்தது.

ரிஹானா அதைப் பார்த்தார். எழுந்து போய்விடலாமா என்பது போல என்னைப் பார்த்தார். எனக்கு ஹாஜியார்மேல் கோபம் வந்தது. வாசிக்காத மனிதருக்கு எதற்கு முதற்பிரதி?

அப்போதுதான் அவர் வந்தார். சாரமும் பெனியனுமாக, கையில் என் மின்வாசிப்பான். ஒரு விரலைத் திரையில் வைத்து இடம் தவறாமல் பிடித்திருந்தார். என்னைக் கவனிக்கவே இல்லை. நேரே ரிஹானாவிடம் போனார்.

"மகள், நீங்களே வந்தது நல்லதாப் போச்சு. அந்த சல்மாப் புள்ள ஏன் மாப்புள வீட்டாரத் திருப்பி அனுப்பினா? நல்ல பொடியன். சொந்தப் படகு இரிக்கி. நீங்க ஏன் அப்புடி எழுதினீங்க?"

சல்மா நாவலில் படகின் சொந்தக்காரருடைய தங்கை. கொலையைத் துப்புத் துலக்குகிறவள். அவளைப் பெண் கேட்டு வரும் அத்தியாயம் நாவலின் பாதிக்கு மேலே வருகிறது. மனுஷன் ஒரு சாயங்காலத்திலும் ஒரு காலையிலும் அவ்வளவு தூரம் போயிருக்கிறார்.

"நீங்க வாசிச்சீங்களா ஹாஜியார்?" என்றார் ரிஹானா, நம்ப முடியாமல்.

"விடிய சுபஹு தொழுதிட்டு வாசிக்க இருந்தவன், இன்னும் சாப்புடல்ல," என்றார் அவர். அவர் மனைவி ஆமோதித்தார். அது புகழ்ச்சியாக இல்லை.

ரிஹானாவின் கண் அலுமாரிக்குப் போனதை ஹாஜியார் கவனித்துவிட்டார். அலுமாரியைத் திறந்து ரிஹானாவின் முதல் நாவலை எடுத்து, தாளைக் கழற்றி, ஒரு பக்கத்தை விரித்துக் கையை நீட்டியபடி தூரத்தில் பிடித்தார்.

"ரத்தத்துல சீனி கூடின வருத்தம் கண்ணப் புடிச்சி எத்தனையோ வருசம் மகள். இந்த எழுத்து எனக்கு வெறும் கறுப்புக் கோடு. வாசிக்க ஏலா. மேடைக்குக் கூப்புடுறாங்க, போறன், புரட்டிப் பாக்குற மாதிரி புரட்டுறன். கண் தெரியாண்டு செல்ல வெக்கம். நேத்து இதத் தூக்கிப் பாத்தா, எழுத்து ஒவ்வொண்டும் பேரீச்சங்கொட்ட அளவு."

படத்துக்காகப் பெரிதாக்கிய எழுத்து. அதைச் சின்னதாக்க அவருக்குத் தெரியவில்லை, நல்லவேளை. செலவைக் குறைக்க எழுத்தைச் சிறிதாக்கி அச்சடித்தது ஒரு காலம். இந்தப் பலகையில் எழுத்தைப் பெரிதாக்க ஒரு சதமும் செலவில்லை. மேடை மேடையாக நான் பேசி வந்த விஷயத்தில் இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஹாஜியார்மேல் வந்த கோபத்துக்கு வெட்கமாக இருந்தது.

ரிஹானாவோ உருகவில்லை. அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. சல்மா ஏன் அந்த மாப்பிள்ளையை மறுத்தாள் என்று விளக்கத் தொடங்கினார். ஹாஜியார் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் காணாமல் போன வீட்டில் ஒரு ஆண் துணை வேண்டாமா என்றார். துணைக்காகக் கலியாணமா என்றார் ரிஹானா. குரல்கள் உயர்ந்தன. கொலை செய்தவன் அந்தப் பொடியனாக இருப்பானோ என்று ஹாஜியார் ரிஹானாவின் முகத்தைப் பார்த்தபடி தூண்டில் போட்டார். ரிஹானா முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டார். ஹாஜியாரின் மனைவி கணவருக்குச் சோற்றையும் மீன் ஆணத்தையும் கொண்டுவந்து வைத்து, எங்களையும் உட்காரச் சொன்னார். சாப்பிட்டபடியும் சண்டை நடந்தது.

சார்ஜரை அவரிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இது ஒங்கட சாமான்தானே டீச்சர்? உள்ளுக்கு வேற ஆக்கள்ட புத்தகமும் இரிக்கி. நேத்து மேடையிலேயே கேட்டிருந்தா குடுத்திருப்பன். இப்ப தரமாட்டன். கொல செஞ்சது யாருண்டு தெரியணும்."

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மனதாரச் சொன்னேன். பிறகு அவர் அலுமாரியைக் காட்டி, இதில் இருக்கும் நூல்களை எல்லாம் எழுதியவர்களிடம் கேட்டு இப்படிச் செய்து தர முடியுமா என்று கேட்டார். மேடையில் வாங்கினதுக்கு வாசிக்கவாவது வேணும் என்றார். முடியும் என்றேன். அலுமாரி நிறைய வேலை. ஒரு வருடத்துக்காவது திருச்சியில் எனக்குத் தூக்கம் இருக்காது.

திரும்பும் பஸ்ஸில் ரிஹானாவின் கோபம் அடங்கவே இல்லை. ஆண் துணையாம், சொந்தப் படகாம், அவருக்கு சல்மாவைப் பற்றி என்ன தெரியும் என்று பொரிந்தார். பாலாவிக்கு அருகே நவ்ஃபர் சக்கரத்தைச் சரிசெய்துவிட்டு எங்களுக்காகக் காத்திருந்தார். த்ரீவீலில் ஏறினோம். மறுநாள் எனக்கு விமானம். வரும்போது புத்தகம் இல்லாமல் வந்தேன், போகும்போது புத்தகம் வாசிக்கும் கருவியும் இல்லாமல் போகிறேன் என்று சொல்லிச் சிரித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். ரிஹானா போனைக் குனிந்து வைத்துக்கொண்டு இரண்டு பெருவிரல்களாலும் தட்டிக்கொண்டிருந்தார். வண்டி குலுங்கியது, காற்று முக்காட்டைப் பறித்தது, அவர் நிமிரவில்லை. யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மூணாவது புத்தகம் அக்கா," என்றார். "அது சல்மாட கத. ஏன் கலியாணம் வேணாம்டு அவளே ஹாஜியாருக்குச் செல்லட்டும்."